பால் சேரவில்லை என்று தாய்ப்பாலை நிறுத்தலாமா?

வாசகி கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். பெண் குழந்தை, எட்டு மாதம் முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் வாந்தியும் பேதியும் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வாந்தி, காய்ச்சல் இரண்டும் நின்றுவிட்டன. பேதி மட்டும் விடவில்லை. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு, சத்தத்தோடு தண்ணீராகப் பீய்ச்சுகிறது. ஒரே புளித்த வாடை. நாளைக்கு ஆறேழு தடவை. பின்பக்கம் சிவந்து தோல் உரிந்திருக்கிறது. எட்டு கிலோ இருந்தவள் 7.6 கிலோ ஆகிவிட்டாள். நான் வேலைக்குப் போவதால் காலையிலும் இரவிலும்தான் தாய்ப்பால். பகலில் மாமியார் பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிப் பாட்டிலில் கொடுக்கிறார். மலப் பரிசோதனையில் 'பி.ஹெச். 5, ரெட்யூசிங் சப்ஸ்டன்ஸ் பாசிட்டிவ்' என்று வந்தது. அதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "லாக்டோஸ் சேரவில்லை. தாய்ப்பால் உட்பட எந்தப் பாலும் வேண்டாம். இரண்டு வயது வரை இதுதான்" என்று லாக்டோஸ் இல்லாத பவுடர் டின் ஒன்றைக் கொடுத்தார். மாமியார், "இது பால் மாந்தம், தொக்கம் எடுத்தால் சரியாகும்" என்கிறார். நான் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் விட்டுப் பத்து நாள் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. என் கணவருக்கும் பால் குடித்தால் வயிறு கடமுடா என்று இருக்கும். இது பரம்பரையா? ஆயுசுக்கும் இருக்குமா? இன்னொன்று, என் தங்கையின் ஆறு வாரக் குழந்தை சாயங்காலமானால் காலை மடக்கிக்கொண்டு அழுகிறான். தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறான், எடையும் நன்றாக ஏறுகிறது, ஆனால் நாளைக்குப் பத்துத் தடவை மஞ்சளாகப் போகிறான். அவனுக்கும் அதே பரிசோதனை பாசிட்டிவ். அவனுக்கும் இந்த டின்னையே வாங்கலாமா?

பதில்: தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்று ராத்திரியே மறுபடி ஆரம்பியுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இது அவசரம்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. பேதி 14 நாளைத் தாண்டிவிட்டால் அதை நீடித்த வயிற்றுப்போக்கு என்று நாங்கள் தனியாக வைத்துப் பார்ப்போம். உங்கள் மகளுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, 400 கிராம் எடையும் இறங்கியிருக்கிறது. கடிதத்தைப் படித்து எழுதும் பதில் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. இந்த வாரத்துக்குள் ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, உச்சிக்குழி உள்ளே வாங்கியிருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறாள், மலத்தில் ரத்தம் தெரிகிறது, கொடுப்பதெல்லாம் வாந்தியாகிறது என்றால் வாரமெல்லாம் பார்க்க வேண்டாம். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே உடனே ஆஸ்பத்திரிதான்.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். குளுக்கோஸும் கேலக்டோஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடி அது. ஜோடியாக இருக்கும்வரை குடல் அதை ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளாது. பிரித்துவிடுவதற்கு லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். சிறுகுடலின் உட்சுவர் முழுக்க மிக நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்திருக்கின்றன. லாக்டேஸ் இருப்பது அவற்றின் நுனியில். இந்த வயதில் வாந்தியும் பேதியுமாக வருவது பெரும்பாலும் வைரஸ் தொற்று. அதிலும் ரோட்டா வைரஸ் குறிபார்த்துத் தாக்குவது அந்த நுனியைத்தான். ஆடு நுனி மேய்ந்த புல் மாதிரி ஆகிவிடுகிறது குடல். வேர் அப்படியே இருக்கிறது, மறுபடி வளரும். ஆனால் மற்ற நொதிகள் திரும்பிய பிறகு கடைசியாக வருவது லாக்டேஸ். முதலில் போவதும் அதுதான்.

பிரியாமல் மிச்சமாகும் லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. தண்ணீரால் பீய்ச்சல், வாயுவால் உப்பலும் சத்தமும், அமிலத்தால் புளித்த வாடை. அந்த அமிலம்தான் பின்பக்கத் தோலையும் அரிக்கிறது. மலத்தின் பி.ஹெச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 5.5-க்குக் கீழே இறங்குவதும், 'ரெட்யூசிங் சப்ஸ்டன்ஸ்' என்று வந்த செரிக்காத சர்க்கரை மலத்தில் தென்படுவதும் இதனால்தான். ஆக, மருந்துக்கடைக்காரர் நோயின் பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் மகளுக்கு இருப்பது லாக்டோஸ் சேராமை போலத்தான் தெரிகிறது. அதற்கு அப்புறம் அவர் சொன்னதில்தான் கோளாறு.

இது குடல் புண்பட்டதால் வந்த தற்காலிகச் சேராமை. பேதி ஓய்ந்து, குழந்தை நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் லாக்டேஸ் திரும்பிவிடும். சத்துக்குறைவான குழந்தைகளுக்கு இரண்டு மாதம்வரை இழுக்கலாம். இரண்டு வயது வரை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆயுசுக்கும் என்பதற்கு இடமே இல்லை.

உங்கள் கணவருக்கு இருப்பது வேறு கதை. பாலூட்டிகள் எல்லாவற்றுக்குமே பால்குடி மறந்த பிறகு லாக்டேஸ் குறைவதுதான் இயற்கை. மனிதர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு மரபணு மாற்றத்தால் அது குறையாமல் இருக்கிறது. வட ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்கள் மிக அதிகம், நம் நாட்டின் வடமேற்கிலும் கணிசம். தெற்கே வர வரக் குறைவு. தமிழ்நாட்டில் பெரியவர்கள் பலருக்குப் பால் கொஞ்சம் வாயுவைக் கிளப்புவது நோயே இல்லை. அவர் தயிர், மோர் சாப்பிடலாம். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பாலைக்கூடப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குறைவு சுமார் மூன்று நான்கு வயதுக்கு மேல்தான் மெல்லத் தொடங்கும். எட்டு மாதக் குழந்தையின் பேதிக்கு அப்பா பக்கத்துப் பரம்பரையைக் காரணம் காட்ட முடியாது. மாமியாரிடமும் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. உலகத்திலேயே மிக அரிதானது. பின்லாந்தில்தான் ஓரளவு பார்க்கப்படுகிறது, அங்கேயே ஏறத்தாழ 60,000 பிரசவத்துக்கு ஒன்று. அந்தக் குழந்தைகள் முதல் சில நாளிலேயே தண்ணீராகப் போய் எடை சரிந்துவிடுவார்கள். எட்டு மாதம் தாய்ப்பால் குடித்து எட்டு கிலோ வந்தவளுக்கு அது இருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் உங்களுக்கு வரும். 100 மில்லி பசும்பாலில் லாக்டோஸ் 5 கிராமுக்குள்தான். தாய்ப்பாலில் 7 கிராம். லாக்டோஸ்தான் சேரவில்லை என்றால் அதிகமாக இருக்கும் தாய்ப்பாலை ஏன் கொடுக்கச் சொல்கிறார் இந்த டாக்டர்? மருந்துக்கடைக்காரரின் தர்க்கமும் இதுதான். காகிதத்தில் கணக்குச் சரி, குழந்தையின் வயிற்றில் சரியாக வருவதில்லை. முதல் காரணம், குடலில் லாக்டேஸ் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போய்விடுவதில்லை, குறைந்திருக்கிறது. தாய்ப்பால் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகப் போவதால் இருக்கிற நொதிக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. 200 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் கவிழ்ப்பது அப்படியில்லை. இரண்டாவது, புண்பட்ட குடல் சுவர் மறுபடி வளர்வதற்கான வளர்ச்சிக் காரணிகளும், அடுத்த தொற்றைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள்களும் தாய்ப்பாலில் இருக்கின்றன, டின்னில் இல்லை. மூன்றாவது, பேதியின்போது எதையும் மறுக்கும் குழந்தைகூட மார்பில் வாய் வைக்கும். நீர்ச்சத்துக்கு அதைவிட நம்பிக்கையான வழி கிடையாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் நீடித்த வயிற்றுப்போக்கிலும் தாய்ப்பாலைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது, குறைக்கச் சொல்வதில்லை. தாய்ப்பால் கொடுக்கும்போது மலம் கொஞ்சம் இளகலாகவே போனாலும் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் போதும். மலத்தை எண்ணிக்கொண்டே இருப்பதைவிட எடை அட்டை உண்மையைச் சொல்லும்.

தாய்ப்பாலை நிறுத்தியே ஆக வேண்டிய ஒரு நோய் இருக்கிறது, கேலக்டோசீமியா. அதில் பிரச்சினை லாக்டோஸைப் பிரிப்பதில் இல்லை, பிரிந்து வந்த கேலக்டோஸைக் கல்லீரல் கையாள முடியாததில். பிறந்த முதல் வாரங்களிலேயே மஞ்சள் காமாலை, வாந்தி, சோர்வு என்று ஆபத்தாகக் காட்டும். உங்கள் வீட்டு விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பேரைக் கேள்விப்பட்டுப் பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

அப்புறம், நீங்கள் பத்து நாளாகத் தயிரையும் மோரையும் விட்டது. பாவம், வீண். தாய்ப்பாலில் இருக்கும் லாக்டோஸ் நீங்கள் குடிக்கும் பாலிலிருந்து வருவதில்லை. உங்கள் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை எடுத்து மார்பகமே அதைத் தயாரிக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுப் பால் குடிக்காத தாயின் பாலிலும் லாக்டோஸ் அதே அளவில்தான் இருக்கும். வேலைக்கும் போய்க்கொண்டு, பாலும் கொடுத்துக்கொண்டு, நீங்கள் பட்டினி கிடக்க வேண்டாம். இன்று மத்தியானமே தயிர்ச்சோறு சாப்பிடுங்கள். கத்தரிக்காய், முட்டை, மீன் என்று வேறு எதையாவது நிறுத்தச் சொல்லியிருந்தால் அதையும் சாப்பிடுங்கள்.

உண்மையான சிக்கல் பகல் நேரத்துப் பாட்டிலில் இருக்கிறது. பாக்கெட் பாலில் பாதி தண்ணீர் ஊற்றினால் லாக்டோஸ் பாதியாகிறது, உண்மைதான். கூடவே கொழுப்பும் புரதமும் பாதியாகிவிடுகின்றன. பேதியில் சத்தை இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. இதற்கும் மேலே, பசும்பாலோ எருமைப்பாலோ ஒரு வயதுக்குள் முக்கியமான குடிபாலாக இருக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, சிறுநீரகத்துக்குச் சுமை அதிகம். பாட்டிலின் ரப்பரைச் சுத்தமாக வைப்பது எவ்வளவு கவனமான வீட்டிலும் கஷ்டம். மூன்று வாரமாகப் பேதி விடாததற்கு அந்த ரப்பர் வழியாக மறுபடி மறுபடி கிருமி போவதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே பாட்டிலையும் பாக்கெட் பாலையும் இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். வேலைக்குப் போவதற்கு முன்னால் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக முடிந்தால் மிக நல்லது. ஃபிரிட்ஜில் 24 மணி நேரம்வரை வைக்கலாம், உங்கள் ஊர் வெயிலில் வெளியே வைக்க வேண்டாம். எடுத்ததும் அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர் போக்கிப் பாலாடைக் கிண்ணத்திலோ ஸ்பூனிலோ ஊட்டச் சொல்லுங்கள். பாலாடை உங்கள் மாமியாருக்கு நன்றாகவே பழக்கமாக இருக்கும்.

பீய்ச்சும் பால் போதவில்லை என்றால்? எட்டு மாதக் குழந்தை சோறு தின்கிற வயது. பாலின் இடத்தைச் சாப்பாடு எடுத்துக்கொள்ளட்டும். பேதி என்றாலே நம் வீடுகளில் வெறும் கஞ்சித் தண்ணீர்தான், அதில் சத்து ஏதும் இல்லை. கெட்டியாகக் கொடுங்கள். குழைய வேகவைத்த பருப்புச்சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசைந்து கொடுக்கலாம். நெய்யில் லாக்டோஸ் அநேகமாகக் கிடையாது, பயப்பட வேண்டாம். முழு முட்டையை நன்றாக வேகவைத்து மசிக்கலாம். கோழிக்கறியை வேகவைத்து மைய அரைத்துச் சோற்றில் கலக்கலாம். இட்லி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பரங்கிக்காய் எல்லாம் சரி. கேழ்வரகுக் கூழை தண்ணீரிலேயே காய்ச்சுங்கள், பால் சேர்க்க வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பால் குறைந்த நாள்களுக்கு அது கைகொடுக்கும். அப்புறம் தயிர். பால் தயிராக மாறும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது. தயிரில் இருக்கும் உயிருள்ள பாக்டீரியாக்களே மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. அதனால் பால் சேராத குழந்தைக்கும் புதிதாக உறைந்த தயிர் பெரும்பாலும் சேரும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். பேதி நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால்தான் இறங்கிய எடை திரும்பும்.

கடையில் வாங்கும் டின் கஞ்சி மாவிலும், பிஸ்கட்டிலும் பால் பவுடர் இருக்கும். பின்பக்கத்தில் 'மில்க் சாலிட்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர், டீ மூன்றும் வேண்டாம், பேதியைக் கூட்டும்.

ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூனால் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். பாக்கெட்டில் பாதியை டம்ளரில் கரைப்பது ஆபத்து, உப்பு ஏறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடைகளில் ஓஆர்எஸ் என்று எழுதி அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புத் தண்ணீர் இதற்கு மாற்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆஸ்பத்திரியில் துத்தநாக மருந்து, அதாவது சிங்க், கொடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். வாந்தி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. குடல் சுவர் தேறுவதற்கு அது வேண்டும், மருத்துவரிடம் மறக்காமல் கேளுங்கள். பேதியைக் கட்டிப்போடும் மாத்திரை, சிரப் எதையும் நீங்களாக வாங்காதீர்கள்.

பின்பக்கத்துக்கு ஈரத்துடைப்பான் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு கிரீமைக் கெட்டியாகப் பூசுங்கள். பவுடர் போடாதீர்கள். மூன்று நான்கு நாளில் ஆறவில்லை என்றால், அல்லது ஓரங்களில் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பரவினால், பூஞ்சைத் தொற்று சேர்ந்திருக்கும். அதற்குத் தனி மருந்து உண்டு.

லாக்டோஸ் இல்லாத பவுடருக்கு ஒரு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பாலே கிடைக்காத, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பேதி நீண்டுபோனால் நானே எழுதிக் கொடுப்பேன். உங்கள் மகளுக்கும் சாப்பாட்டை மாற்றி எடை ஏறவில்லை என்றால் அவளைப் பார்க்கும் மருத்துவர் சில வாரத்துக்குப் பரிந்துரைக்கலாம். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரம்? முடிவு தேதி இல்லாமல் ஆரம்பிக்கும் டின்தான் வீட்டுக் கணக்கைக் காலி செய்கிறது. அதுவும் தாய்ப்பாலுக்குப் பதிலாக என்று கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பது... குழந்தைகளுக்கான பால் மாற்றுகளை மக்களிடம் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்து, 2003-இல் இன்னும் இறுக்கப்பட்டது. சட்டம் கடை வாசலோடு நின்றுவிட்டது போல. லாக்டேஸ் சொட்டு மருந்து என்றும் ஒன்று கிடைக்கிறது. பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, உங்கள் மகளுக்கு முதல் தேவை அது இல்லை.

மாமியார் சொல்வதைப் பற்றியும் பேச வேண்டும். பேதி கண்ட குழந்தைக்குப் பால் ஆகாது என்பது அந்தத் தலைமுறை பார்த்துப் பார்த்துச் சொன்னது, அதில் உண்மை இருக்கிறது. மாட்டுப்பாலைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு மோர்ச்சோறு கொடுத்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அதைத் தாய்ப்பாலுக்கும் நீட்டுவதும், தொக்கம் எடுப்பதும்தான் தப்பு. தொண்டைக்குள் விரல் விட்டோ, குழாய் வைத்து உறிஞ்சியோ, வயிற்றை அமுக்கியோ எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் மகளின் வயிற்றில் எதுவும் சிக்கிக்கொள்ளவில்லை, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தொண்டை கிழிவதும், மூச்சுக்குழாயில் போய் அடைப்பதும், புதுத் தொற்று வருவதும்தான் அதில் மிச்சம். மாமியாரோடு சண்டை வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பகலில் ஊட்டப்போவது அவர்தானே.

தங்கை குழந்தைக்கு வருவோம். அந்த டின்னை அவனுக்கு வாங்கவே கூடாது. அவனுக்கு லாக்டோஸ் சேராமை இல்லை.

பரிசோதனை பாசிட்டிவ் என்பீர்கள். முதல் மூன்று மாதத்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கொஞ்சம் லாக்டோஸ் செரிக்காமல் போவது சகஜம். எந்தத் தொந்தரவும் இல்லாத, கொழுகொழுவென்று வளரும் குழந்தைகளின் மலத்திலும் அமிலமும் சர்க்கரையும் தென்படும். அந்த மிச்ச லாக்டோஸ் வீணும் இல்லை, குடலில் நல்ல பாக்டீரியாக்களை அதுதான் வளர்க்கிறது. எனவே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு வாரக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனையை எடுத்திருக்கவே தேவையில்லை. உங்கள் மகளுக்கு அதே முடிவு வேறு பொருள் தருகிறது, ஏனென்றால் அவளுக்குப் பின்னால் ஒரு தொற்றும் எடை இழப்பும் இருக்கின்றன. பரிசோதனைக் காகிதத்தை மட்டும் படித்து இரண்டு குழந்தைக்கும் ஒரே டின் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். (போகிற போக்கில்: டயப்பரிலிருந்து சுரண்டியெடுத்த மலத்தை நம்ப முடியாது. நீராக இருக்கும் பகுதியை டயப்பர் குடித்துவிடும், நமக்கு வேண்டியதே அந்த நீர்தான்.)

பால் குடித்த ஒவ்வொரு தடவையும் மஞ்சளாக, விதை விதையாக இளகிப் போவது அந்த வயதுக்கு இயல்பு. நாளைக்குப் பத்தும் இயல்பு, வாரத்துக்கு ஒன்றும் இயல்பு. சாயங்கால அழுகை ஆறாவது வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். காலை மடக்குவது வயிற்று வலியால்தான் என்றும் இல்லை, அந்த வயதில் எதற்கு அழுதாலும் காலை மடக்குவார்கள். மலம் பச்சையாக நுரைத்துப் போய், தங்கைக்குப் பாலும் பொங்கி வழிகிறதென்றால் ஒரு காரணம் இருக்கலாம். ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த பக்கம் மாற்றினால் கொழுப்புக் குறைந்த முன்பாலே அதிகம் போகும். வேகமாகக் குடலைக் கடந்துவிடும் அந்தப் பாலில் இருக்கும் லாக்டோஸை முழுதாகப் பிரிக்க நேரம் போதாது. ஒரு பக்கம் அவனாக விடும்வரை குடிக்கட்டும், அப்புறம் மறுபக்கம். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அப்பாவும் நடக்கலாம். கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வசம்பு உரைத்து ஊற்றுவது, தேன் தொட்டு வைப்பது எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. இன்னொன்று, ஆறு வாரம் என்றால் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் முதல் தவணை இப்போதுதான். 6, 10, 14 வாரங்களில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் மகள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு தங்கைக்கு நான் வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு குழந்தைகளில் யாருக்காவது மலத்தில் ரத்தக்கோடு, சளி, உடம்பில் சொறிசொறியான கரப்பான், பால் பட்டதும் உதட்டு வீக்கம் அல்லது தடிப்பு என்று தெரிந்தால் யோசனையை மாற்ற வேண்டும். அது பால் சர்க்கரையின் பிரச்சினை இல்லை, பசும்பால் புரதத்துக்கு வரும் அலர்ஜி. லாக்டோஸ் இல்லாத பவுடர்கள் பலவற்றில் பசும்பால் புரதம் அப்படியே இருக்கிறது, அந்த அலர்ஜிக்கு அவை உதவாது. ஆட்டுப்பால், எருமைப்பாலிலும் கிட்டத்தட்ட அதே புரதம்தான். தாய் குடிக்கும் பாலின் புரதம் தாய்ப்பாலில் கொஞ்சம் வருவதால் இந்த ஒரு நோயில் மட்டும் தாயின் சாப்பாட்டிலிருந்து பாலை விலக்குவதற்கு அர்த்தம் உண்டு. அதையும் மருத்துவர் சொல்லி, இரண்டிலிருந்து நான்கு வாரம் விலக்கிப் பார்த்து, மறுபடி சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் தாய்க்குக் கால்சியம் மாத்திரை வேண்டும்.

கடைசியாக, உங்கள் மகளுக்குப் பாலைத் திரும்பக் கொண்டுவருவது எப்போது? மலம் கெட்டியாகி, எடை ஏறத் தொடங்கி, ஒரு வாரம் போகட்டும். முதலில் கூழிலோ கஞ்சியிலோ இரண்டு ஸ்பூன் காய்ச்சிய பால். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். டம்ளரில் பால் குடிப்பதை முதல் பிறந்தநாளுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அப்போதும் நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் வேண்டாம், சோறு இறங்காது. இரண்டு ஸ்பூனுக்கே பீய்ச்சல் திரும்பினால் இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டாம் முறையும் திரும்பினால், அல்லது பாலே இல்லாமலும் பேதி தொடர்ந்தால், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணியோ, குடலைப் புண்ணாக்கும் வேறு நோயோ இருக்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கும். அவரிடம் போகும்போது மூன்று நாளைக்கான குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டு போங்கள்: என்ன கொடுத்தீர்கள், எத்தனை தடவை போனாள், எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள். பிறந்ததிலிருந்து எடை குறித்த அட்டையையும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.